ஃபோன்தென்புளோ கோடைக் கலைப்பள்ளியும் கப்பலேறாத மாணவியும்

முன்னுரை

கலை பயில்வோர் கோடை விடுமுறையில் அயல்நாடொன்றிற்குச் சென்று, சில வாரங்கள் அங்கேயே தங்கி, அந்நாட்டு ஆசிரியரிடம் பயின்று மீளும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டு மேலைக் கலைக்கல்வியின் முதன்மைக் கூறுகளுள் ஒன்றாக வளர்ந்தது. இத்தகைய உறைவிடப் பயிலகங்களின் வரலாறு பெரும்பாலும் சென்று வந்தோரின் நினைவுக் குறிப்புகளைக் கொண்டே எழுதப்பெறுகின்றது. ஆசிரியர் வீட்டு மாலைப் பொழுது, முதன்முதலாக நேரிற்கண்ட ஓவியம், உடன்பயின்றோரின் நட்பு, திரும்பும் கப்பல் என அந்நினைவுகள் இனிமையானவை. ஆனால், யார் செல்லலாம் என முடிவு செய்த தேர்வு மேசை அந்நினைவுகளில் இடம்பெறுவதில்லை. சென்றவருக்கு அம்மேசை மறந்துவிடுகிறது. செல்ல இயலாதவரோ நினைவுக் குறிப்பு எழுதுவதில்லை.

பிரான்சு நாட்டு ஃபோன்தென்புளோ அரண்மனையில் அமெரிக்க மாணவர்களுக்கென 1921-இல் இசைக்கும், 1923-இல் ஓவியம், சிற்பம், கட்டடக்கலை ஆகியவற்றிற்கும் கோடைக்காலப் பள்ளிகள் தொடங்கப்பெற்றன. அங்குச் சென்ற இருவரையும் செல்லவிடப்படாத ஒருவரையும் அருகருகே வைத்து நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. செல்லவிடப்படாதவர் அகஸ்டா சாவேஜ் (1892–1962) என்னும் கறுப்பினப் பெண் சிற்பி. அவருக்கு நேர்ந்ததை ஒரு வெள்ளை ஆசிரியரின் தனிப்பட்ட மனக்குறையாகக் காண்பதைவிட, அப்பள்ளி பிறந்த சூழலோடு சேர்த்துக் காண்பதே பொருத்தமாகும்.

படைமுகாமும் அரண்மனையும்

முதல் உலகப் போரில் அமெரிக்கா 1917-இல் இறங்கியது. பிரான்சில் நிலைகொண்ட அமெரிக்கப் படையின் தளபதி பெர்ஷிங், தம் படையின் இசைக்குழுக்கள் பிரெஞ்சுக் குழுக்களுக்கு இணையாக இல்லை எனக் கருதினார். நியூயார்க் இசைக்குழுத் தலைவர் வால்ட்டர் டாம்ராஷ் 1918-இல் அழைக்கப்பெற்றார். படைத் தலைமையகம் இருந்த ஷோமோன் என்னும் ஊரில் படை இசைக்குழுத் தலைவர்களுக்கான பள்ளி ஒன்று தோன்றியது. பிரெஞ்சு இசைஞர் ஃபிரான்சிஸ் காசாதெசு அதனை நடத்தினார்.

1918 நவம்பரில் போர் ஓய்ந்ததும் ஏறத்தாழ இருபது இலட்சம் அமெரிக்க வீரர்கள் ஊர் திரும்பும் கப்பலுக்காகக் காத்திருந்தனர். காத்திருக்கும் இளைஞருக்கு வேலை கொடுக்கவேண்டிய கட்டாயம் படைக்கு இருந்தது. அதன் பயனாய் 1919-இல் பாரிசுக்கு அருகிலுள்ள பெல்வ்யூவில் ஒரு கலைப் பயிற்சி நிலையம் அமைந்தது. போருக்குச் சற்று முன்னர் நடன மேதை இசடோரா டங்கன் தம் பள்ளிக்கெனப் பெற்ற கட்டடம் அது. அங்கு ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பேற்றவர் ஏர்னஸ்ட் பெய்ஷோட்டோ. அமெரிக்கப் படை நியமித்த எட்டுப் போர்க்கள ஓவியர்களுள் ஒருவர். இப்பெயர் பின்னரும் வரும்.

படை கலைந்தது; பள்ளி என்னும் எண்ணம் கலையவில்லை. ஷோமோனின் தொடர்ச்சியாக 1921 கோடையில் ஃபோன்தென்புளோவில் அமெரிக்க இசைப்பள்ளியும், பெல்வ்யூவின் தொடர்ச்சியாக 1923-இல் கலைப்பள்ளியும் தோன்றின. இடமளித்தது பிரெஞ்சு அரசு; மாணவரைத் தேர்ந்து அனுப்பும் பொறுப்பு அமெரிக்கரிடம் இருந்தது. போரில் உதவிய நாட்டிற்குப் பிரான்சு தன் பண்பாட்டைக் கொண்டு நன்றி செலுத்தியது எனலாம். செருமானிய இசைக்கல்வியின்பால் ஈர்ப்புற்றிருந்த அமெரிக்க இளைஞரைத் தன்பக்கம் திருப்பும் நோக்கமும் அதில் இருந்தது. போருக்குப் பின் பிராங்கின் மதிப்பு வீழ்ந்தமையால் டாலர் கொண்டுவந்தவர்க்குப் பிரான்சு வாழ்க்கை மலிவாயிற்று என்பதும் மறக்கத்தக்கதன்று.

இவ்வரலாற்றில் ஒன்று நம் கவனத்திற்குரியது. அப்பள்ளியைப் பெற்றெடுத்த அமெரிக்கப் படை நிறத்தால் பிரிக்கப்பட்ட படை. ஹார்லெம் பகுதிக் கறுப்பின வீரர்களைக் கொண்ட 369-ஆம் படைப்பிரிவு, அமெரிக்கப் பிரிவுகளோடு நிறுத்தப்படாமல் பிரெஞ்சுத் தலைமையின் கீழ்ப் போரிட்டது. ஜேம்ஸ் ரீஸ் ஐரோப்பா என்பவர் தலைமையில் அப்பிரிவின் இசைக்குழு 1918-இல் பிரெஞ்சு ஊர்களில் வாசித்த புதிய தாள இசையே அந்நாட்டில் ஜாஸ் இசைக்கு வழிதிறந்தது. பிரெஞ்சுக்காரர் கூடிக் கேட்ட அமெரிக்க இசை அது. போருக்குப்பின் எழுந்த பள்ளியின் தேர்வுக் குழுவோ அந்த ஹார்லெமிலிருந்து வந்த விண்ணப்பத்தை வேறுவிதமாகப் பார்த்தது.

சென்ற ஒருவர்: ஆரோன் கோப்லாண்ட்

பாரிசிலிருந்து ஏறத்தாழ அறுபது கிலோமீட்டர் தென்கிழக்கே, பெருங்காட்டின் நடுவே அமைந்தது ஃபோன்தென்புளோ அரண்மனை. பதினாறாம் நூற்றாண்டில் முதலாம் ஃபிரான்சுவா மன்னர் இத்தாலியிலிருந்து ரோஸ்ஸோ, பிரிமாத்திச்சியோ ஆகிய ஓவியரை வரவழைத்து இதன் கூடங்களை அணிசெய்வித்தார். சுதைச் சிற்பத்தையும் சுவரோவியத்தையும் ஒன்றோடொன்று பிணைத்த அவ்வேலைப்பாடு அரண்மனையின் பெயராலேயே ஒரு கலைமரபாக வழங்கலாயிற்று. 1814-இல் நெப்போலியன் தம் காவற்படையினரிடம் விடைபெற்ற முற்றமும் இதுவே. காட்டின் மறுபுறத்தில் பார்பிசோன் சிற்றூர். மில்லே முதலிய ஓவியர் வாழ்ந்த இடம். அட்லாண்டிக்கைக் கடந்துவந்த மாணவர் நூலில் மட்டும் கண்ட கலை வரலாறு, காலையில் கதவைத் திறந்தால் எதிரே நின்றது. ஓவியம் பயின்றோர்க்குப் போல் போதுவான் என்னும் முதிய ஆசிரியர் ஈரச் சுண்ணச் சுவரில் வண்ணந்தீட்டும் பழைய முறையைக் கற்பித்தார். சுவர் உலர்வதற்குள் வரைந்து முடிக்கவேண்டிய அக்கலையைப் படத்தைப் பார்த்துக் கற்றுக்கொள்ள இயலாது. கை பழகியவரின் அருகில் நின்றே கற்கவேண்டும். உறைவிடப் பயிற்சியின் உண்மைப் பயன் இவ்விடத்தில் தெளிவாகிறது.

இசைப்பள்ளியின் முதல் ஆண்டிலேயே சேர்ந்தவர் புரூக்ளினில் கடை நடத்திய யூதக் குடும்பத்து இளைஞர் ஆரோன் கோப்லாண்ட். அப்போது வயது இருபது. 1921 சூனில் அவர் ஏறிய கப்பலில் ஓவியர் மார்செல் தூஷாமும் பயணம் செய்தார். ஃபோன்தென்புளோவிற்குப் போகவேண்டா, பாரிசிலேயே தங்கிப் பயிலுக என்று தூஷாம் அறிவுரை கூறியதாகக் கோப்லாண்ட் பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். அவ்வறிவுரையை அவர் ஏற்கவில்லை. எனினும் அரண்மனையில் அவருக்கு வாய்த்த ஆசிரியர் போல் விதால், ஊரில் விட்டுவந்த ஆசிரியரைப் போன்றே பழமை பேணுபவராக இருந்தார். இவ்வளவு தொலைவு வந்தது வீணோ என்னும் ஐயம் எழுந்த வேளையில், யாழ் போன்ற ஹார்ப் கருவி பயின்ற உடன் மாணவி ஒருவர் நாதியா புலான்ஜே என்னும் பெண் ஆசிரியரின் ஒத்திசை வகுப்பிற்கு ஒருமுறை வந்து பார்க்குமாறு வற்புறுத்தினார். ஒத்திசைப் பாடத்தை அவர் முன்பே முடித்திருந்தார். பெண்ணொருவரிடம் இசையமைப்புப் பயின்ற முன்னோர் எவரையும் அவர் அறிந்திருக்கவில்லை. ஆயினும் சென்றார். அவ்வகுப்பே அவர் வாழ்வைத் திசைதிருப்பியது. அவர் புலான்ஜேயிடம் பாரிசில் மூன்றாண்டுகள் பயின்றார். 1925 சனவரியில் புலான்ஜே வாசிக்க, டாம்ராஷ் நெறிப்படுத்த, கோப்லாண்டின் ஆர்கன் இசைப்படைப்பு நியூயார்க்கில் அரங்கேறியது.

இந்நிகழ்ச்சியிலிருந்து பெறத்தக்கது யாது? பள்ளி திட்டமிட்டுக் கொடுத்த ஆசிரியரால் அவருக்குப் பெரும்பயன் விளையவில்லை. அங்கிருந்ததால் தற்செயலாகக் கிடைத்ததே பெரும்பயன் விளைத்தது. பக்கத்து வகுப்பின் கதவு அது. அயல்நாட்டு உறைவிடப் பயிற்சியின் சிறப்பு பாடத்திட்டத்தில் அச்சிடப்பெறாத இத்தகைய வாய்ப்புகளில்தான் பெரிதும் அமைகிறது. இதனை உணர்ந்தால்தான், ஓர் இடம் மறுக்கப்படும்போது எவ்வளவு மறுக்கப்படுகிறது என்பது விளங்கும்.

தேர்வு மேசை

அகஸ்டா சாவேஜ் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள ஃபுளோரிடா மாநிலத்தில் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் 1892-இல் பிறந்தார். செங்கற்சூளைகள் மிகுந்த ஊர் அது. அங்குக் கிடைத்த களிமண்ணில் சிறுமியாக இருந்தபோதே வாத்து முதலிய உருவங்களைச் செய்தார். சமய போதகரான தந்தை, உருவம் செய்வது பாவம் எனக்கருதி அவரை அடித்து வந்தார். 1921-இல் சிறு தொகையோடு நியூயார்க் வந்து, கட்டணமின்றிக் கற்பிக்கும் கூப்பர் யூனியன் கல்லூரியில் சேர்ந்தார். அவருக்கு முன்னர்க் காத்திருப்போர் பட்டியலில் 142 பேர் இருந்தும் அவர் திறமை கண்டு முன்னதாகவே இடமளிக்கப்பெற்றது. வீட்டுப் பணி இழந்து கல்வியை விடும் நிலை வந்தபோது கல்லூரியே வாழ்க்கைச் செலவிற்கு உதவியது. நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டுகளில் முடித்தார் என வரலாற்றாளர் எழுதுவர்.

இத்தகுதியோடுதான் 1923-இல் புதிதாகத் தொடங்கவிருந்த ஃபோன்தென்புளோ கலைப்பள்ளியின் கோடை வகுப்பிற்கு அவர் விண்ணப்பித்தார். பெயர்பெற்ற அமெரிக்க ஓவியரும் சிற்பியரும் கட்டடக் கலைஞரும் அடங்கிய தேர்வுக் குழுவின் தலைவர், பெல்வ்யூவில் நாம் கண்ட பெய்ஷோட்டோ. விண்ணப்பம் மறுக்கப்பட்டது. பரிந்துரைக் கடிதங்கள் வரவில்லை என்பது முதலிற் கூறப்பட்ட காரணம். மேலும் வினவியபோது உண்மைக் காரணம் வெளிப்பட்டது. ஒரே கப்பலில் பயணம் செய்து, ஒரே இடத்தில் உறைந்து, ஒன்றாக உண்ணவேண்டிய பயிற்சியில், தென்மாநிலங்களிலிருந்து வரும் வெள்ளை மாணவியர்க்கு ஒரு கறுப்பினப் பெண் உடனிருப்பது ஒவ்வாது என்றும், அதனால் அப்பெண்ணுக்கே சங்கடம் நேரும் என்றும் குழு கருதியது.

இக்காரணத்தின் அமைப்பை உற்றுநோக்க வேண்டும். அவர் செய்த சிற்பம் தரமற்றது என எவரும் கூறவில்லை. பிரெஞ்சுக்காரர் மறுப்பர் என்றும் கூறவில்லை. உறைவிடப் பயிற்சியின் உயிராகிய ‘ஒருங்குறைதல்’ என்பதே அவரை விலக்கக் கருவியாயிற்று. நகரக் கல்லூரியில் பகலில் அருகமர்ந்து பயிலலாம். மாலையில் அவரவர் வீடு செல்வர். கூப்பர் யூனியனில் அவருக்கு இடங்கிடைத்ததும், அதே நகரத்துக் கலைஞர் குழு அவரை ஃபோன்தென்புளோவிற்கு அனுப்ப மறுத்ததும் முரணாகத் தோன்றலாம். உண்டியும் உறையுளும் பொதுவாகும்போதுதான் விலக்கு தன் முகத்தைக் காட்டுகிறது என்பதை அறிந்தோர்க்கு இதில் முரணில்லை. நம் நாட்டு மாணவர் விடுதிகளின் வரலாறு அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. திருப்புன்கூரில் நந்தனார்க்காக நந்தி விலகிய கதை நமக்குத் தெரியும். நியூயார்க்கில் நந்தி விலகவில்லை.

சாவேஜ் வாளாவிருக்கவில்லை. 1923 மே மாதம் நியூயார்க் நாளேடு ஒன்றிற்கு எழுதிய கடிதத்தில் நடந்ததை வெளிப்படுத்தினார். தமக்காக மட்டும் அன்றித் தம் பின்வருவோர்க்காகவும் எழுதுவதாகவும், சம வாய்ப்பின்றிப் பிற அமெரிக்கக் கலைஞரோடு தம்மவர் எங்ஙனம் போட்டியிடக் கூடும் எனவும் அவர் வாதிட்டார். செய்தி நாட்டின் பல இதழ்களிலும் பரவியது. அறநெறிக் கழகத்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் மார்ட்டின் முதலியோர் எதிர்ப்புக்குரல் எழுப்பினர். குழு தன் முடிவை மாற்றவில்லை. குழு உறுப்பினருள் ஹெர்மன் மக்னீல் என்னும் சிற்பி மட்டும் நடந்ததற்கு வருந்தித் தம் பணிக்கூடத்தில் பயில அவரை அழைத்தார். மக்னீல் இளமையில் பாரிசில் ஹென்றி ஒசாவா டேனர் என்னும் கறுப்பின ஓவியரோடு ஒரே பணிக்கூடத்தைப் பகிர்ந்திருந்தவர். ஒருங்குறைதலின் பயனுக்கு இதுவும் ஒரு சான்று. எனினும், கோடை முழுதும் ஓர் அரண்மனையில் வாழ்வதற்கு ஒரு பணிக்கூடம் ஈடாகாது. கலகக்காரி என்னும் பெயர் ஒட்டிக்கொண்டமையால் பின்னரும் சில கண்காட்சி வாய்ப்புகளை அவர் இழந்தார் என்று அவர் வாழ்க்கையை எழுதியோர் கருதுகின்றனர்.

1925-இல் உரோம் நகரக் கலைக் கழகத்தில் பயில உதவித்தொகை கிடைத்தது. அது கல்விக்கு மட்டுமே உரியது. பயணச் செலவும் அங்கு வாழும் செலவும் அவரைச் சார்ந்தவை. சலவைக் கூடங்களில் உழைத்து, பெருங்குடும்பத்தையும் தாங்கியவரால் அத்தொகையைத் திரட்ட இயலவில்லை. இரண்டாம் முறையும் கப்பல் அவரின்றிப் புறப்பட்டது. இம்முறை எவரும் தடுக்கவில்லை என்பதே இதன் கொடுமை. உதவித்தொகை என்னும் சொல் எதனை உள்ளடக்குகிறது, எதனை விட்டுவிடுகிறது என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்புகிறது.

1929

1929-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் விந்தையானது. அவ்வாண்டுக் கோடையில் ஆர். நத்தானியல் டெட் என்னும் கறுப்பின இசையமைப்பாளர் ஃபோன்தென்புளோ இசைப்பள்ளியில் புலான்ஜேயிடம் பயின்றார். அவர் இளைஞரல்லர், 1882-இல் பிறந்தவர், வெர்ஜீனியாவிலுள்ள ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் இசைத்துறையை நடத்தி, அதன் பாடகர் குழுவைப் புகழ்பெறச் செய்தவர். நாற்பத்தாறு வயதில் மீண்டும் மாணவராகச் சென்றார். அரண்மனை அதுவே; இசைப்பள்ளி கலைப்பள்ளி என்னும் வேறுபாடும் ஆறாண்டு இடைவெளியும் மட்டுமே. பள்ளியின் கதவு நிறத்தால் எக்காலத்தும் மூடியிருந்தது என்று கூறுவதும் பிழை, 1923 ஒரு தவறுதல் மட்டுமே என்று கூறுவதும் பிழை என்பதற்கு டெட்டின் கோடை சான்றாகும். கதவின் காவல் ஆளுக்கு ஆள் மாறியது.

அதே 1929-இல் சாவேஜின் ‘காமின்’ என்னும் சிற்பம் பலரையும் ஈர்த்தது. தொப்பியைச் சற்றே சாய்த்து அணிந்த ஹார்லெம் தெருச் சிறுவன் ஒருவனின் மார்பளவுச் சிலை அது. உலகைக் கண்டு சற்றே சலித்த, ஆனால் தோற்காத பார்வை அச்சிறுவனுடையது. சுதையில் செய்து வெண்கலம் போல் வண்ணம் பூசப்பெற்றது. வார்ப்புச் செலவிற்குப் பணமில்லாத சிற்பியின் வழி. இச்சிற்பத்தால் ரோசன்வால்ட் நல்கை கிடைத்தது. இந்நல்கையில் வாழ்க்கைச் செலவும் அடங்கியிருந்தது. ஹார்லெம் மக்களும் விழாக்கள் நடத்திப் பயணத்திற்குப் பொருள் சேர்த்தனர். முப்பத்தேழாம் வயதில் அவர் கப்பலேறினார்; கிராந் ஷோமியேர் கலைக்கூடத்தில் பெலிக்ஸ் பெனெத்தோவிடம் பயின்றார்; பாரிசுக் கண்காட்சிகளில் அவர் சிற்பங்கள் இடம்பெற்றன. பிரெஞ்சுக்காரர் எவருக்கும் அவர் இருப்பு ஒவ்வாததாக இல்லை.

ஆறாண்டுத் தாமதம் என்பது ஒரு சிற்பிக்குச் சிறு காலமன்று. 1923-இல் சென்றிருந்தால் அவர் கலை எவ்வாறு வளர்ந்திருக்கும் எனக் கற்பனை செய்வதில் ஆய்வுப் பயன் இல்லை. அவர் திரும்பி வந்து செய்ததை நோக்குவதே தகும்.

ஹார்லெமில் ஒரு பள்ளி

1930-களின் தொடக்கத்தில் திரும்பிய சாவேஜ், ஹார்லெமில் தெருமட்டத்திற்குக் கீழான அறை ஒன்றில் கலைக்கூடம் தொடங்கினார். சன்னல் வழியே எட்டிப் பார்த்த சிறுவரையும் உள்ளே அழைத்தார். விண்ணப்பம், பரிந்துரைக் கடிதம் எதுவும் அங்குக் கேட்கப்படவில்லை. 1937-இல் அரசு உதவியோடு அமைந்த ஹார்லெம் சமுதாயக் கலை நிலையத்தின் முதல் இயக்குநரானார். குவெண்டலின் நைட், நார்மன் லூயிஸ், ஜேக்கப் லாரன்ஸ் ஆகியோர் அவரால் ஊக்கம் பெற்றோருள் சிலர். பொருளாதார வீழ்ச்சிக் காலத்து அரசு ஓவியர் வேலைத்திட்டத்தில் சேர லாரன்சை அவர் அழைத்துச் சென்றார். வயது போதாது எனத் திருப்பியனுப்பினர். வயது நிறைந்ததும், தாமே மறந்துவிட்டிருந்த லாரன்சை மீண்டும் கைப்பிடித்து அழைத்துச் சென்று சேர்த்துவிட்டார். தேர்வு மேசையின் எதிர்ப்பக்கத்தில் நின்று பழகியவர்க்கே இந்நினைவு இருக்கும் போலும்.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்காக அவர் வடித்த சிற்பம் ‘யாழ்’ எனத் தமிழில் வழங்கத்தக்கது. பதினாறு அடி உயரம். படிப்படியாக உயரம் குறையும் பன்னிரு கறுப்பினப் பாடகர் நரம்புகளாக நிற்க, இறைவனின் கையே அவர்களைத் தாங்கும் பத்தலாக அமைந்தது. இதுவும் சுதையே. கண்காட்சி முடிந்தபின் வெண்கலத்தில் வார்க்கவோ சேமித்து வைக்கவோ பணமில்லாமையால் அது பிற கட்டுமானங்களோடு இடிக்கப்பட்டது. நினைவுப் பொருளாக விற்ற சிறு வார்ப்புகளும் ஒளிப்படங்களுமே எஞ்சின. அப்பணிக்காக விடுப்பெடுத்திருந்த இடைவெளியில் கலை நிலைய இயக்குநர் பதவியும் வேறொருவரிடம் சென்றிருந்தது.

ஃபோன்தென்புளோ இசைப்பள்ளி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்காவிற்கு இடம்பெயர்ந்து, போருக்குப்பின் அரண்மனைக்குத் திரும்பியது. புலான்ஜே 1949 முதல் 1979-இல் மறையும் வரை இசைப்பள்ளியை நடத்தினார். கோப்லாண்ட் முதலியோரின் வழியாக அப்பள்ளியின் புகழ் பரவியது. சாவேஜ் 1940-களின் இடையில் நியூயார்க் நகரை விட்டு சாகர்ட்டீஸ் என்னும் சிற்றூரில் ஒரு பண்ணை வீட்டிற்குக் குடிபெயர்ந்தார். சிற்பப்பணி குறைந்தது. அருகிலிருந்த கோடைக்கால முகாம்களுக்கு வரும் சிறுவர்க்குக் களிமண்ணில் உருவஞ்செய்யக் கற்றுக்கொடுத்து வந்தார்.